இடிஞ்ச பிறகுதான் பணம் வருமா?

28 வருஷத்துல ஒரு கான்கிரீட் கட்டடம் சாகலாமா? உங்க சிவில் டிபார்ட்மென்ட் ஃப்ரெண்டைக் கேட்டுப் பாருங்க. ஒழுங்கா கட்டி, ஒழுங்கா பராமரிச்சா 50 வருஷம் சாதாரணமா நிக்கும்னு சொல்லுவாங்க.

சென்னை திருவொற்றியூரில் குடிசை மாற்று வாரியம் 1993இல் கட்டிய அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரு பிளாக், 2021 டிசம்பர் 27 அன்று இடிந்து விழுந்தது. 24 வீடுகள் தரைமட்டம். ஆனா ஒரு உயிர்கூடப் போகலை. அதுக்குக் காரணம் எந்த அதிகாரியும் இல்லை, அங்கே குடியிருந்தவங்கதான். விரிசல் பெருசாகுறதைப் பார்த்து, ஒருத்தரை ஒருத்தர் கூப்பிட்டு வெளியே வந்துட்டாங்க. அன்றைக்கே அரசு அறிவிப்பு வந்தது: குடும்பத்துக்கு 1 லட்சம் ரூபாய், மாற்று வீடு.

கொடுத்தது சரிதான். அந்தப் பணத்துல கொஞ்சம் பத்து வருஷம் முன்னாடியே வந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னுதான் நான் கேட்கிறேன்.

கான்கிரீட் திடீர்னு சாகாது. பாத்ரூம் குழாய் கசியும், மொட்டைமாடியில தண்ணி தேங்கும், அது மெல்ல இறங்கி உள்ளே இருக்கிற கம்பியைத் தொடும். கம்பி துருப்பிடிச்சா ஊதும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைச்சுக்கும். அந்த அழுத்தத்துல மேல இருக்கிற கான்கிரீட் பெயர்ந்து விழும். கம்பி வெளியே தெரிஞ்சதும் காத்தும் ஈரமும் நேராப் படும், அதுக்கப்புறம் எல்லாம் வேகமா நடக்கும். முதல் கட்டத்துல செலவு ஒரு குழாயும் கொஞ்சம் சிமென்ட்டும்தான். கடைசிக் கட்டத்துல புல்டோசர்.

முதல் கட்டத்துல ஏன் பணம் வரலை? புது பிளாக் கட்டினா அடிக்கல் உண்டு, ரிப்பன் உண்டு, பேரு பொறிச்ச கல்வெட்டு உண்டு. கழிவுநீர்க் குழாய் மாத்தினதுக்கு யாராவது கல்வெட்டு வச்சுப் பார்த்திருக்கீங்களா?

அரசு ஒண்ணுமே செய்யலைன்னு சொல்லவில்லை. வாரியம் இப்போ தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் ஆகிவிட்டது. ‘நம் குடியிருப்பு நம் பொறுப்பு’ன்னு ஒரு திட்டம் இருக்கு. குடியிருப்போர் சங்கம் வசூலிக்கிற பராமரிப்புத் தொகைக்கு இணையா அரசும் பணம் போடும். நல்ல யோசனை. மோட்டார் ரிப்பேருக்கும் படிக்கட்டு லைட்டுக்கும் அது போதும். தூணுக்குப் போதாது. கூலி வேலை பார்க்கிற குடும்பங்கள் மாசாமாசம் போடுற காசுல பீமுக்குள்ளே இருக்கிற கம்பியை மாத்தச் சொல்றது நியாயமே இல்லை.

“பழசுக்கு ஏன் செலவு பண்ணணும், இடிச்சுட்டுப் புதுசா கட்டிடலாமே”ன்னு கேட்பீங்க. புதுசு எப்படி இருந்துச்சுன்னு புளியந்தோப்பு கே.பி. பார்க்கில் பார்த்தோம். 2021 ஆகஸ்டில், அப்போதான் குடியேறின வீடுகளில் கையை வச்சா பூச்சு உதிர்ந்துச்சு. ஐ.ஐ.டி. மெட்ராஸ் வந்து ஆய்வு பண்ண வேண்டியதாச்சு. இன்னொரு கணக்கும் இருக்கு. மறுகட்டுமானம் முடியற வரைக்கும் வெளியே தங்குறதுக்குக் குடும்பத்துக்குக் கொடுத்த தொகை 8,000 ரூபாயா இருந்து, 2021இல் 24,000 ஆனது. வேலை முடிய ரெண்டு வருஷம்னு வச்சுக்கங்க, மாசம் 1,000 ரூபாய். சென்னையில் அந்த வாடகைக்கு வீடு இருந்தா எனக்கும் சொல்லுங்க, பிளேஸ்மென்ட் கிடைச்சதும் வரேன்.

அச்சங்குளத்துக்காரனுக்கு சென்னை அடுக்குமாடி எதுக்குன்னு நினைக்கலாம். 2021 பிப்ரவரி 12 பட்டாசு ஆலை வெடிவிபத்தில் எங்க பக்கம் இருபதுக்கும் மேற்பட்டவங்க செத்துப் போனாங்க. பிரதமர் நிதியில் 2 லட்சம், மாநில அரசு 3 லட்சம்னு அன்றைக்கே அறிவிப்பு வந்துச்சு. ஆபத்து கண்ணுக்குத் தெரியும்போது வராத பணம், சாவுக்குப் பிறகு ஒரே நாளில் வரும். இந்தப் பழக்கம் எங்களுக்கு நல்லாவே தெரியும்.

கிராமத்துக்கும் இதே கதைதான். தொகுப்பு வீடுகளுக்குள்ளே போய் நின்னீங்கன்னா கூரையில கம்பி எலும்பு மாதிரி தெரியும். 2024இல் அரசு, 2001க்கு முன் கட்டின 2.5 லட்சம் வீடுகளைச் சீரமைக்க 2,000 கோடி அறிவிச்சது. வகுத்துப் பார்த்தா வீட்டுக்குச் சராசரி 80,000. கலைஞர் கனவு இல்லத்தில் ஒரு புது வீட்டுக்கு 3.5 லட்சம். ரிப்பேர் எவ்வளவு மலிவுன்னு அரசோட கணக்கே சொல்லுது. ஆனா அது ஒரு தடவை அறிவிப்பாவே நின்னுடக் கூடாது. அடுக்குமாடியோ தொகுப்பு வீடோ, அரசு கட்டின ஒவ்வொண்ணுக்கும் வருஷா வருஷம் பட்ஜெட்டில் பழுதுபார்ப்புக்குத் தனி வரி வேணும். கடைசியா எப்போ சோதிச்சாங்க, என்ன ரிசல்ட்டுன்னு அந்தக் கட்டடத்து வாசல்லயே எழுதி ஒட்டணும்.

சோதிக்க ஆள் இல்லைன்னு சொல்ல முடியாது. மாவட்டத்துக்கு மாவட்டம் இன்ஜினியரிங் காலேஜ் இருக்கு. லேபில் ரீபவுண்ட் ஹேமர் இருக்கு. ஃபைனல் இயர் புராஜெக்ட்டுக்குத் தலைப்பு தேடிட்டு இருக்கிற சிவில் மக்களே, நம்ம சீனியரோட ரிப்போர்ட்டை காப்பி அடிக்கிறதுக்கு முன்னாடி, சாத்தூர் பஸ் ஏறி ஒரு தொகுப்பு வீட்டுக் கூரையை அண்ணாந்து பார்த்துட்டு வாங்க.