ஒரு லேசர்... இரட்டை ஃபோட்டான்! குவாண்டம் சாவி கள்ளக்குறிச்சிக்கு எப்போ வரும்?

நம்ம யுபிஐ, பேங்க் ஆப் எல்லாத்துக்கும் காவல், எளிதில் உடைக்க முடியாத கணக்குகள்தான். பெரிய குவாண்டம் கம்ப்யூட்டர் வந்தால் அவற்றில் சில உடைந்துவிடும் என்பதே இப்போதைய பயம். அதற்கு மாற்றாகப் பேசப்படுவது, பின்னிப்பிணைந்த ஃபோட்டான் ஜோடி.

2025 ஜூனில் டெல்லி ஐஐடியும் டிஆர்டிஓவும் இந்த ஜோடிகளை வைத்து, திறந்தவெளியில் 1 கிலோமீட்டருக்கும் மேல் ரகசிய சாவியை அனுப்பிக் காட்டின. வேகம் விநாடிக்கு சுமார் 240 பிட். ஒரு போட்டோ அனுப்பக்கூட இது பத்தாது. ஆனால் சாவிக்குப் போதும்.

ஜோடி எப்படிப் பிறக்கிறது?

ஆய்வகங்களில் வழக்கமான முறை இது: 405 நானோமீட்டர் ஊதா லேசரை ஒரு சிறப்புப் படிகத்துக்குள் செலுத்துவார்கள். எப்போதாவது ஒரு ஃபோட்டான் இரண்டாகப் பிரியும். ஆற்றல் பாதிப் பாதி என்பதால் இரண்டும் 810 நானோமீட்டர். ஒளி அதிரும் திசை இதுவா அதுவா என்று யாராலும் முன்கூட்டியே சொல்ல முடியாதபடி அமைப்பதில்தான் சூட்சுமம் இருக்கு. ஒன்றை அளந்தால், மற்றதன் முடிவும் அதோடு பொருந்தி வரும். நடுவில் யாராவது ஒட்டுக்கேட்டால் அந்தப் பொருத்தம் கெட்டு, திருட்டு வெளியே தெரிந்துவிடும்.

பிரச்னை, அந்த 'எப்போதாவது'தான். கோடிக்கணக்கான ஃபோட்டான்களில் ஒன்றுதான் பிரியும். சரி, லேசரைக் கூட்டிவிடலாமே? கூட்டினால் ஒரே நேரத்தில் இரண்டு ஜோடி பிறந்து, யாருக்கு யார் ஜோடி என்றே குழம்பிவிடும்.

சென்னையில் இருந்து வருமா?

தேசிய குவாண்டம் திட்டத்தில் தகவல்தொடர்புக்கான மையம் சென்னை ஐஐடி. அங்கிருந்து கள்ளக்குறிச்சி சுமார் 250 கிலோமீட்டர். நல்ல ஃபைபர் கேபிளிலும் 15 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஒளி பாதியாகும். அப்படிப் பார்த்தால் லட்சம் ஃபோட்டான் கிளம்பினால் ஊர் வந்து சேர்வது ஒன்றுதான்! வழியில் பெருக்கவும் முடியாது. குவாண்டம் நிலையை நகல் எடுக்க இயற்கை விடுவதில்லை.

கல்வராயன் மலை உச்சியில் இருந்து அனுப்பினால்? யோசனை தப்பில்லை. 2007-ல் கேனரி தீவுகளில் மலைக்கு மலை 144 கிலோமீட்டர் அனுப்பிக் காட்டியிருக்கிறார்கள். ஆனால் பனிமூட்டமும் மழையும் வந்தால் இணைப்பு அவ்வளவுதான். அதனால்தான் 2023-ல் ஒப்புதல் பெற்ற ரூ.6,003 கோடி திட்டம், செயற்கைக்கோள் வழியாக 2,000 கிலோமீட்டர் என்று இலக்கு வைத்திருக்கிறது.

அதுவரை கள்ளக்குறிச்சி பேங்க் கணக்குக்கு? குவாண்டம் கம்ப்யூட்டரையும் தாங்கும் புதிய கணக்குமுறைகளை அமெரிக்காவின் நிஸ்ட் 2024 ஆகஸ்டில் வெளியிட்டுவிட்டது. அதற்கு லேசரும் வேண்டாம், படிகமும் வேண்டாம். ஆப் அப்டேட்டிலேயே வந்துவிடும். சாதாரண வாடிக்கையாளரை முதலில் எட்டப்போவது அதுதான்.