கதையின் ஃபிர்அவ்னும் வரலாற்றின் ஃபிர்அவ்னும்



சரித்திர நாவல்களுக்கு நம் இல்லங்களில் இருவேறு வரவேற்புகள் உண்டு. இளையவர்கள் அவற்றை இரவு பகலாகப் படிக்கின்றனர். படித்ததை எல்லாம் நடந்ததாகவே நம்பிவிடுகின்றனர். பெரியவர்களில் சிலரோ, "கட்டுக்கதையைப் படித்துக் காலத்தை வீணாக்குவதா?" என்று கடிந்து நூலை அலமாரியில் பூட்டிவிடுகின்றனர். முன்னவர் கதையை வரலாறாகவே ஏற்கின்றனர். பின்னவர் கதையில் வரலாறே இல்லையென ஒதுக்குகின்றனர். இவ்விரண்டுக்கும் இடையே மூன்றாவது வழியொன்று உண்டு. சாட்சியை விசாரிப்பது போல நாவலை விசாரித்துப் படிப்பதே அவ்வழி.

பழங்கால மிஸ்ரு நாட்டைப் பற்றிய நாவல்களைக் கொண்டு இதனை விளக்கலாம். அந்நாடு நமக்கு அந்நியமானதன்று. யூஸுஃப் நபி (அலை), மூஸா நபி (அலை) ஆகியோரின் வரலாறுகளைக் கேட்டு வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு நைல் நதியும் ஃபிர்அவ்னின் அரண்மனையும் சிறு வயது முதலே பழகியவை. ஆகவே அந்நாட்டைப் பற்றிய நாவலொன்று கைக்கு வரும்போது அவர்களின் மனக்கதவு முன்னரே திறந்திருக்கிறது. திறந்த கதவு வழியே எதுவும் நுழையலாம் என்பதனாலேயே இங்கு விழிப்பு கூடுதலாக வேண்டியிருக்கிறது.

எகிப்திய எழுத்தாளர் நஜீப் மஹ்ஃபூஸ் 1911-ல் கெய்ரோவில் பிறந்து 2006-ல் மறைந்தவர். 1988-ல் இலக்கியத்திற்கான நோபல் பரிசைப் பெற்றார். அரபு மொழி எழுத்தாளர்களுள் அப்பரிசைப் பெற்ற முதல்வர் அவரே. அவருடைய வேறொரு நாவல் பெரும் சர்ச்சைக்கு உள்ளானதைப் பலரும் அறிவர். அது தனியே பேசவேண்டிய பொருள். 1939, 1943, 1944 ஆகிய ஆண்டுகளில் அவர் எழுதிய மூன்று நாவல்களும், 1985-ல் எழுதிய மற்றொன்றும் பழங்கால மிஸ்ரைக் களமாகக் கொண்டவை. ஆங்கில மொழிபெயர்ப்பிலும் அவை கிடைக்கின்றன. அவற்றுள் மூன்றை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றிடமும் ஒரு கேள்வியைக் கேட்போம்.

முதற்கேள்வி: இதில் சான்றுள்ளது எது, சேர்க்கப்பட்டது எது?

1939-ல் வெளிவந்த 'அபஸுல் அக்தார்' பெரிய பிரமிடைக் கட்டிய மன்னன் கூஃபுவின் கதை. அவனுக்குப்பின் அரியணை அவன் மகனுக்குக் கிட்டாது, அன்று பிறந்த ஒரு பூசாரியின் மகனுக்கே சேரும் என ஒரு மந்திரவாதி உரைக்கிறான். விதியை வெல்லப் புறப்படும் மன்னன், தேர்ப்படையுடன் அக்குழந்தையைத் தேடிச் செல்கிறான். ஆனால் குழந்தை தப்பி வளர்ந்து, இறுதியில் அரசனாகிறது. படிக்கும் நமக்கு மூஸா நபியின் வரலாறு நினைவுக்கு வராமல் இராது.

இக்கதைக்கு மூலமான பழைய ஏடொன்று உண்மையிலேயே உண்டு. பெர்லின் அருங்காட்சியகத்தில் உள்ள அந்தப் பாப்பிரஸ் ஏட்டில் மந்திரவாதியும் வருகிறான், முன்னறிவிப்பும் வருகிறது. அதற்கு மேலுள்ளவை பெரும்பாலும் நாவலாசிரியர் சேர்த்தவை. நாவலில் அரியணை ஏறும் பூசாரி மகனின் பெயர் ததஃப். வரலாற்றிலோ, கூஃபுவுக்குப் பின் ஆண்ட ஜெதஃப்ரே கூஃபுவின் சொந்த மகன்! அந்தத் தேர்ப்படையும் அக்காலத்தில் இருக்க வழியில்லை. கூஃபுவின் காலம் ஏறத்தாழ கி.மு. 2600. குதிரையும் தேரும் மிஸ்ருக்கு வந்து சேர்ந்ததோ அதற்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின்னர்.

'ஃபிர்அவ்ன்' என்ற சொல்லும் அவ்வாறே. 'பெரிய இல்லம்' எனப் பொருள்படும் அச்சொல் தொடக்கத்தில் அரண்மனையைக் குறித்தது. மன்னனையே குறிக்கலானது கி.மு. 15-ஆம் நூற்றாண்டை ஒட்டித்தான். நாவலோ கூஃபுவையும் அப்பெயராலேயே அழைக்கிறது. திருக்குர்ஆன் யூஸுஃப் நபி காலத்து ஆட்சியாளரை 'மன்னர்' என்றும், மூஸா நபி காலத்தவனை 'ஃபிர்அவ்ன்' என்றும் வேறுபடுத்திக் கூறுவதை இங்கே எண்ணிப் பாருங்கள். அந்த ஃபிர்அவ்னின் இயற்பெயரைத் திருக்குர்ஆன் சொல்லவில்லை. அவனுக்கு 'ராம்சேஸ்' என்ற பெயர் நம் மனத்தில் பதிந்திருக்குமானால், அதற்கு 1956-ல் வெளிவந்த ஹாலிவுட் படமும் அதன் வழியில் வந்த கதைகளுமே பெரிதும் காரணம். கற்பனை நம் அறிவுக்குள் ஓசையின்றி எவ்வாறு குடியேறுகிறது என்பதற்கு இதைவிட எடுத்துக்காட்டு வேண்டுமா? 'பொன்னியின் செல்வ'னைப் படித்துவிட்டு, நந்தினி மெய்யாகவே சோழநாட்டில் வாழ்ந்தாள் என நம்புவோர் நம்மிடையே எத்தனை பேர்!

இரண்டாவது கேள்வி: இது எந்தக் காலத்தில் எழுதப்பட்டது?

பழங்கால நாவல் ஒவ்வொன்றிலும் இரண்டு காலங்கள் உண்டு. ஒன்று, கதை நடக்கும் காலம். மற்றொன்று, கதை எழுதப்பட்ட காலம். 1944-ல் வெளிவந்த 'கிஃபாஹு தீபா', மிஸ்ரின் வடபகுதியை ஆண்ட ஹிக்ஸோஸ் என்னும் அந்நியரை தீப்ஸ் நகரத்து அரச குலத்தார் விரட்டியடித்த கதை. அந்நாவல் எழுதப்பட்டபோது மிஸ்ரு மண்ணில் ஆங்கிலேயப் படை நின்றுகொண்டிருந்தது. வெள்ளைத் தோலும் செருக்கும் கொண்டவர்களாக ஹிக்ஸோஸ்கள் அதில் சித்திரிக்கப்படும்போது, ஆசிரியரின் கண் யார்மீது இருந்தது என்பதை அன்றைய கெய்ரோ வாசகன் எளிதில் உணர்ந்திருப்பான். பின்லாந்து எழுத்தாளர் மீக்கா வால்டாரி எழுதிய புகழ்பெற்ற எகிப்திய நாவலும் 1945-ல் வெளிவந்ததே. இரண்டாம் உலகப் போர் அப்போதுதான் முடிந்திருந்தது. அதன் கசப்பு அந்நூலெங்கும் படிந்திருக்கிறது.

அடிமைப்பட்ட நாட்டின் எழுத்தாளர் விடுதலை வேட்கையைப் பழங்கதையில் ஏற்றிப் பாடுவதில் குற்றமில்லை. எனினும், அதனால் ஹிக்ஸோஸ் மக்கள் அனைவரும் கொடியவராகிவிடுவரா? அவர்களின் தலைநகரான அவாரிஸில் புதையுண்டவர்களின் பற்களை ஆராய்ந்து 2020-ல் ஓர் ஆய்வு வெளிவந்தது. ஹிக்ஸோஸ் ஆட்சிக்கு வெகு முன்னரே வெளிநாட்டார் பலர் அங்கு வந்து வாழ்ந்திருந்தனர் என்றும், அவர்களுள் பெண்கள் மிகுதி என்றும் அவ்வாய்வு காட்டிற்று. திடீரெனப் பாய்ந்த படையெடுப்பைவிட, தலைமுறை தலைமுறையாகக் குடியேறிய மக்களின் வரலாறே அதில் தெரிகிறது.

இவ்விடத்தில் நாம் சற்று நிதானிக்க வேண்டும். ஒரு சமுதாயம் முழுவதையும் கொள்ளையராகவும் கொடுங்கோலராகவும் தீட்டும் சரித்திரக் கதைகளின் வலியை நாம் நன்கு அறிவோம். நம் முன்னோரைப் பற்றி அவ்வாறு எழுதப்படும்போது, "சான்று எங்கே?" என்று கேட்கிறோம். அக்கேள்வி நியாயமானதே. ஆனால் வேறொரு மக்களைப் பற்றி அவ்வாறே எழுதப்பட்டதை நாம் சுவைத்துப் படிக்கும்போதும் அதே கேள்வி நம் உள்ளத்தில் எழ வேண்டாமா? பகைவரிடத்தும் நீதி தவறலாகாது எனக் கற்பிக்கப்பட்ட நாம், மூவாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்து மறைந்தோருக்கும் அந்நீதியை வழங்கக் கடமைப்பட்டவர்கள்.

மூன்றாவது கேள்வி: இதைச் சொல்பவர் யார்?

1985-ல் வெளிவந்த 'அல் ஆயிஷு ஃபில் ஹகீகா', மன்னன் அக்நாத்தூனைப் பற்றியது. பழைய தெய்வங்களை ஒதுக்கி, சூரிய வட்டத்தை மட்டும் வணங்கச் செய்தவன் அவன். பாலையில் புதுத் தலைநகரையும் எழுப்பினான். அவன் மறைந்த பின்னர் அவன் பெயரையே கல்வெட்டுகளிலிருந்து செதுக்கி அழித்தனர். நாவலில், அம்மன்னனைப் பற்றிய உண்மையை அறிய ஓர் இளைஞன் புறப்படுகிறான். அவனை அறிந்திருந்த பூசாரி, படைத்தலைவன், சிற்பி, மருத்துவன், இறுதியாக அரசி நெஃபர்தீதி என ஒவ்வொருவரிடமும் சென்று கேட்கிறான். ஒருவர் பித்தன் என்கிறார். மற்றொருவர் மகான் என்கிறார். ஆசிரியர் தீர்ப்புக் கூறுவதில்லை. யாருக்கு என்ன பகை, யாருக்கு என்ன ஆதாயம் என எடைபோட்டு முடிவு காணும் பொறுப்பு நம்மிடமே விடப்படுகிறது.

இந்த முறை நமக்குப் புதியதா? ஒரு செய்தி வந்தால், அதைச் சொன்னவர் யார், அவர் யாரிடம் கேட்டார், அவருடைய நாணயமும் நினைவாற்றலும் எத்தகையவை என்று ஹதீஸ் கலை அறிஞர்கள் அறிவிப்பாளர் வரிசையை அலசிய மரபுக்கு உரியவர்கள் அல்லவா நாம்! அந்த மரபின் பிள்ளைகள் அச்சில் வந்ததையெல்லாம் அப்படியே விழுங்குவது அழகன்று. அக்நாத்தூனின் கதையைப் படித்தவுடன், "இவரும் ஏகத்துவத்தைப் போதித்த ஒரு நபியாக இருக்கலாமோ?" எனச் சிலர் துள்ளிவிடுகின்றனர். அவன் வணங்கியது சூரிய வட்டத்தை என்பதற்கு அவனுடைய கல்வெட்டுகளே சான்று. நம் விருப்பத்திற்கு இசைவாக இருப்பதாலேயே ஒரு செய்தி மெய்யாகிவிடாது.

அப்படியானால் நாவலை விட்டு நேரே வரலாற்று நூல்களுக்கே செல்லலாமே எனக் கேட்பீர்கள். பலரையும் வரலாற்று நூலின் வாசல் வரை அழைத்துச் செல்வது நாவல்தான் என்பதே என் விடை. கூஃபுவின் கதையைப் படித்துவிட்டு, பிரமிடை மெய்யாகவே கட்டியவர் யார் எனத் தேடப் புகும் மாணவி எதைக் காண்பாள்? 2013-ல் செங்கடற்கரையில் உள்ள வாதி அல் ஜர்ஃப் என்னுமிடத்தில் கண்டெடுக்கப்பட்ட பாப்பிரஸ் ஏடுகளைக் காண்பாள். எழுத்துடன் கிடைத்த பாப்பிரஸ் ஏடுகளுள் மிகப் பழையவை அவையே. மெரர் என்னும் மேலாளர் தம் ஆட்களுடன் துரா என்னும் இடத்திலிருந்து சுண்ணாம்புக் கற்களைப் படகேற்றிப் பிரமிடு எழுந்த இடத்துக்குக் கொண்டுசென்றதை நாள்வாரியாக அவற்றில் பதிந்துள்ளார். நாவலாசிரியரின் தேர்ப்படையைவிட, கல் சுமந்த அந்தப் படகு நம் உள்ளத்தை ஆழமாகத் தொடுகிறதல்லவா?

ஆகவே பெற்றோரே, நூலைப் பறிக்காதீர்கள். பிள்ளையின் அருகில் அமர்ந்து நீங்களும் படியுங்கள். படித்து முடித்ததும் ஒரு தாளின் நடுவே கோடிட்டு, சான்றுள்ளதை ஒருபுறமும் ஆசிரியர் சேர்த்ததை மறுபுறமும் எழுதச் சொல்லுங்கள். எப்புறம் சேர்ப்பது எனத் தெரியாதவற்றை நூலகத்திற்குச் சென்று தேடச் செய்யுங்கள். கதையில் பழிக்கப்பட்டவர் எவரேனும் இருந்தால், அவர்கள் தரப்பில் என்ன சொல்லியிருப்பர் என்று கேளுங்கள். இவ்வாறு கேட்டுப் பழகிய பிள்ளையை நாளை எவரும் பொய்யான சரித்திரத்தைக் காட்டி ஏமாற்றிவிட முடியாது; அப்பிள்ளையும் பிறர்மீது பொய்யான சரித்திரத்தைச் சுமத்தாது.