பந்தயச் சாலையும் பிரேக்கின் வெம்மையும்

மோட்டார் வண்டியை விரைந்து செலுத்தும் ஆசை இளைஞர்க்கு இயல்பே. அவ்வாசையைப் பொதுச் சாலையிற் காட்டிப் பிறர் உயிர்க்குக் கேடு சூழாமல், அதற்கென அமைந்த களத்திற் சென்று தீர்த்துக்கொள்வோரை யான் குறைகூறேன், பாராட்டவே செய்வேன். சென்னைக்கு அணித்தாக இருங்காட்டுக்கோட்டையிலும், கோயமுத்தூரை அடுத்த செட்டிப்பாளையத்திலும் பந்தயச் சாலைகள் உள. போட்டி நிகழாத நாட்களில் கட்டணம் பெற்றுக்கொண்டு, அவரவர் சொந்த வண்டியை அத்தகைய சாலையில் ஓட்ட இடமளிக்கும் வழக்கத்தை 'டிராக் டே' என்பர். நம் பழைய மாணவருள்ளும் இதில் ஈடுபட்டோர் சிலர் இருக்கின்றனர். அவர்கள் செய்யும் பிழையொன்றைப் பற்றியதே இக்கட்டுரை.

அவருள் ஒருவர் தம் சிறு வண்டியைக் களத்திற் கொண்டு சென்று, ஐந்தாம் சுற்றிலே பிரேக் மிதி தரைவரை தாழ்ந்துபோகக் கண்டார். கடவுளருளால் அவ்வளைவிற்கு அப்பால் அகன்ற வெற்றிடமே இருந்தது; வண்டி தானே ஓடி ஓய்ந்து நின்றது. வீடு திரும்பியவர் செய்த முதற் காரியம் யாது? ஆறு பிஸ்டன் கொண்ட பெரிய காலிப்பருக்கும் அகன்ற தட்டுகளுக்கும் விலை விசாரித்தார். விலையோ அவருடைய மூன்று மாதச் சம்பளம். அன்று அவருக்குச் சொன்னதையே ஈண்டு விரித்து எழுதுகின்றேன்: பழுது காலிப்பரில் அன்று, அதனுள் இருந்த திரவத்தில்.

பிரேக் என்பது வண்டியின் வேகத்தை வெப்பமாக மாற்றிக் காற்றிற் கொட்டும் கருவியே அன்றி வேறன்று. வேகம் இருமடங்கானால் அவ்வெப்பம் நான்கு மடங்காகும். 1,100 கிலோகிராம் எடையுள்ள வண்டியொன்று மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்தினின்று 60 கிலோமீட்டருக்குத் தணிகின்றது என்க. அப்பொழுது ஏறக்குறைய 9,30,000 ஜூல் சக்தி வெப்பமாகின்றது. அதிற் பத்தில் ஏழு பங்கை முன் பிரேக்குகள் ஏற்பனவாகவும், முன் தட்டு ஒவ்வொன்றும் 6 கிலோகிராம் எடையுள்ள வார்ப்பிரும்பாகவும் கொண்டால், ஒரே மிதிப்பில் அத்தட்டுகளின் வெம்மை 115 பாகைக்கு மேல் உயரும். அவை ஆறுமுன் அடுத்த வளைவு வந்துவிடும். உதகையினின்று கல்லட்டி வழியாக இறங்கும் வண்டிகளில் பிரேக் கருகி நாறுவதை முகர்ந்தவர்க்கு இது புதிதன்று. ஆங்கு ஓட்டுநர் கீழ்க் கியரில் இறங்கித் தப்பலாம், பந்தயச் சாலையில் அவ்வழி பெரிதும் உதவாது.

மேனாட்டார் இதனை நெடுநாள் முன்னரே கண்டுகொண்டனர். இங்கிலாந்தில் லான்செஸ்டர் என்பார் 1902-லேயே தட்டுப் பிரேக்கிற்குக் காப்புரிமை பெற்றார். எனினும் வெம்மையை உள்ளே அடைத்து வைக்கும் டிரம் பிரேக்குகளே பல்லாண்டு ஆண்டன. 1953-ல் பிரான்சு தேசத்து லெ மான் பந்தயத்தில் தட்டுப் பிரேக் பூண்ட ஜாகுவார் வண்டி வென்ற பின்னரே உலகம் விழித்தது. டிரம் பிரேக்கை விடாத மெர்சிடிஸ் நிறுவனம் 1955-ல் அதே பந்தயத்திற்கு, வண்டியின் பின்புறம் பலகைபோல் நிமிர்ந்து காற்றைத் தடுக்கும் மூடியொன்றை அமைத்து வந்தது. அத்தனை பாடும் வெம்மையைக் குறைக்கவே.

இனி, நோயை நாடுவோம். மிதி மெத்தென்று ஆகித் தரைவரை தாழ்கிறதா, அன்றி மிதி கல்லைப் போல் உறுதியாயிருந்தும் வண்டி நிற்க மறுக்கிறதா? இவ்விரண்டும் வெவ்வேறு நோய்கள். முன்னது திரவம் கொதித்ததால் வருவது. கடையில் 'பிரேக் ஆயில்' என்று கேட்டு வாங்குகிறோமாயினும் அது எண்ணெய் அன்று. கிளைக்கால் வகையைச் சார்ந்தது. காற்றிலுள்ள ஈரத்தை இடையறாது உறிஞ்சுவது. 'டாட் 4' எனக் குறிக்கப்பெற்ற திரவம் புதிதாயிருக்கையில் 230 பாகை செல்சியஸ் வரையேனும் கொதியாதிருத்தல் வேண்டும் என்பது விதி. நூற்றுக்கு நாலு பங்கிற்குச் சற்றுக் குறைந்த நீர் கலந்துவிட்டாலோ, அதே விதி கேட்பது 155 பாகையே. சென்னையின் கடற்காற்றில் இரண்டு மூன்று ஆண்டு மாற்றாது கிடந்த திரவத்தின் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ! கொதித்த திரவம் ஆவியாகும், ஆவி அமுங்கும், காலின் விசை காலிப்பரை எட்டாது. பின்னது, 'பேடு' எனப்படும் உராய்வுக் கட்டை தன் எல்லை கடந்து சுட்டதால் வருவது. ஊருக்குள் ஓட்டச் செய்த கட்டை அத்துணை வெம்மையில் பிடிப்பை இழந்துவிடும்.

ஆதலின் முதற் செலவு திரவத்திற்கே உரியது. 300 பாகைக்கு மேல் கொதிக்கும் பந்தயத் திரவங்கள் கிடைக்கின்றன. அவற்றையும் அடிக்கடி மாற்றிக் காற்றுக் குமிழியின்றி நிரப்புதல் வேண்டும். திறந்து வைத்த பழைய புட்டியை எடுத்து ஊற்றுதல் பேதைமை. அடுத்தது களத்திற்கேற்ற பேடு. அது குளிர்ந்திருக்கையில் சற்று மந்தமாய்ப் பிடிக்கும், கீச்சிடும், தூசி கக்கும். ஆதலால் அன்றாடம் ஊருக்குள் ஓட்டுவோர் களத்து நாளில் மட்டும் மாற்றிக்கொள்ளலாம். பாதிக்குமேல் தேய்ந்த பேட்டுடன் களத்தில் இறங்கலாகாது. கட்டை மெலிந்தால் தட்டின் சூடு திரவத்தை விரைவில் எட்டும். மூன்றாவது காற்று. முன் பம்பரினின்று குழாய் இழுத்துத் தட்டின் நடுப்பகுதிக்குக் காற்றைச் செலுத்தினால், தட்டினுள் இருக்கும் இடைவெளிகள் அதனை வாங்கி வெளியே வீசும். இதற்கு ஆகும் செலவு சொற்பம்.

எஃகுப் பின்னலிட்ட குழல்கள் மிதிக்கு உறுதி தரும், வெம்மையைத் தணியா. துளையிட்ட தட்டுகள் கண்ணுக்கு அழகு. ஆயின் அத்துளைகளினின்றே வெடிப்புத் தொடங்குதல் வழக்கம்.

பெரிய காலிப்பர் வேண்டவே வேண்டாமா எனின், அவ்வாறு சொல்லேன். எடை மிக்க வண்டியும், ஆற்றல் ஏற்றிய எஞ்சினும், பந்தய டயரும் உடையார்க்கு, மேற்சொன்ன மூன்றும் செய்தபின்னும் சூடு தணியாதாயின், பெரிய தட்டு வேண்டியதே. வெம்மையைத் தாங்க இரும்பு மிகுதியாய் வேண்டும். ஆயின் அதனால் வண்டி குறுகிய தூரத்தில் நிற்கும் என்பது வீண் நம்பிக்கை. சக்கரத்தைப் பூட்டுமளவு வலி முன்னைய பிரேக்கிற்கே உண்டெனில், நிறுத்துவது டயரின் பிடிப்பேயாம். முன்புறம் மட்டும் பெரிய காலிப்பரைப் பூட்டினால் முன்பின் சமநிலை கெட்டு, நிற்கும் தூரம் நீளவும் கூடும். சக்கரத்தினுள் அது அடங்குமா என்பதைப் பணம் கொடுத்த பின் அளந்து பார்த்தவரையும் யான் அறிவேன்.

ஓட்டுபவர் பிழையும் உண்டு. அஞ்சி நெடுந்தூரம் மெல்ல மிதித்துக்கொண்டே வருவோர், சற்றுத் தாமதித்து அழுத்தி மிதித்துச் சட்டென விடுவோரைக் காட்டிலும் பிரேக்கிற்கு ஆறும் பொழுதைக் குறைத்துவிடுகின்றனர். இறுதிச் சுற்றைப் பிரேக் தொடாது மெல்ல ஓட்டி வருக. வந்து நின்றபின் கைப் பிரேக்கை இழுக்கற்க. கியரிலிட்டுச் சக்கரத்திற்குக் கட்டை அணை கொடுத்தல் போதும்.

நம் நண்பர் திரவத்தையும் பேட்டையும் மாற்றி, குழாயும் அமைத்து மீண்டும் சென்றார். எட்டுச் சுற்றுக்குப் பின்னும் மிதி உறுதியாகவே இருந்தது. காலிப்பருக்கென எடுத்து வைத்திருந்த பணத்தில் இப்போது நல்ல டயர் வாங்கியுள்ளார். டயரின் பிடிப்பு மிகுந்தால் வளைவுகளில் வேகமும், பிரேக்கின் பாரமும் மிகும் என்பதையும் அவருக்குச் சொல்லியிருக்கிறேன்.