பஸ் இலவசம், ஆட்டோவுக்குப் பணம்! ஏன்?

தமிழ்நாட்டில் 2021-ம் ஆண்டு மே மாதம் முதல், அரசு சாதாரண டவுன் பஸ்களில் பெண்கள் கட்டணம் கொடுக்க வேண்டியது இல்லை. காசு செலவு இல்லாமல் போய் வரலாம்.

ஆனாலும், கைபேசியில் ஆட்டோவையும் காரையும் கூப்பிட்டு, பணம் கொடுத்துப் போகிறவர்கள் இருக்கிறார்கள். பெண்களும் அப்படிப் போகிறார்கள்.

இது சொகுசு என்கிறார்கள் சிலர். சோம்பல் என்கிறார்கள் வேறு சிலர். இரண்டும் அல்ல. அவர்களுக்கு வேண்டியது நிச்சயம். எப்போது வரும், எவ்வளவு ஆகும் என்ற நிச்சயம்!

பஸ் நிற்கும் இடம்

திண்டுக்கல்லைப் பாருங்கள். சின்னாளபட்டி, நத்தம், வேடசந்தூர், வத்தலக்குண்டு என்று நாலா பக்கமும் பஸ் உண்டு. காமராஜர் பஸ் நிலையத்தில் எப்போதும் கூட்டம்தான்.

ஆனால், ஜனங்களுக்கு வேலை பஸ் நிலையத்திலா இருக்கிறது? ஆஸ்பத்திரியில் இருக்கிறது. கலெக்டர் ஆபீசில் இருக்கிறது. உறவினர் வீட்டில் இருக்கிறது.

கைக்குழந்தைக்குக் காய்ச்சல். தாய் பஸ்சில் இலவசமாக ஊர் வந்து சேர்ந்துவிட்டாள். அடுத்த பஸ் எப்போது வரும் என்று தெரியவில்லை. குழந்தையோடு வெயிலில் நிற்பாளா? ஆட்டோவைத்தான் கூப்பிடுவாள்.

சென்னையில் இரவு புறப்படும் பாண்டியன் எக்ஸ்பிரஸ், விடியும் முன்பே திண்டுக்கல் வந்துவிடும். அந்த இருட்டில் மூட்டை முடிச்சோடு இறங்குகிறவர்கள் என்ன செய்வார்கள்?

பேரம் இல்லை

திண்டுக்கல்லுக்கு ரெயில் வந்தது 1875-ல். ஜட்கா வண்டிக் காலத்திலும் பேரம் இருந்தது. ஆட்டோக் காலத்திலும் இருக்கிறது. ஊருக்குப் புதியவர் என்றால் பயம் அதிகம்.

2010-ல் ஓலா தொடங்கியது. 2013-ல் ஊபர் இந்தியாவுக்கு வந்தது. 2015-ல் ராபிடோ தொடங்கியது. இவை செய்தது என்ன? ஏறும் முன்பே கட்டணத்தைச் சொல்லின. வண்டி எண்ணையும், ஓட்டுகிறவர் பெயரையும் காட்டின. மகள் வரும் வண்டி எங்கே வருகிறது என்று வீட்டில் இருப்பவர்கள் பார்க்க முடிந்தது. ஜனங்கள் பணம் கொடுப்பது இந்த நிம்மதிக்குத்தான்.

ஆட்டோக்காரர் பக்கமும் நியாயம் உண்டு. 2013-ல் சென்னை ஆட்டோவுக்கு முதல் 1.8 கிலோ மீட்டருக்கு 25 ரூபாய், அதன் பின் ஒவ்வொரு கிலோ மீட்டருக்கும் 12 ரூபாய் என்று அரசு நிர்ணயித்தது. பெட்ரோல் விலை ஏறியது. கட்டணமோ பல ஆண்டுகள் அப்படியே கிடந்தது. மீட்டர் தூங்கியதில் வியப்பு என்ன?

மழை வந்தால்?

கைபேசி வண்டியும் தர்மத்துக்கு ஓடவில்லை. மழை பெய்தால் கட்டணம் ஏறும். பண்டிகை வந்தாலும் ஏறும். அடிப்படைக் கட்டணத்தைப் போல் ஒன்றரை மடங்கு வரை வாங்கலாம் என்றது மத்திய அரசின் 2020-ம் ஆண்டு வழிமுறை. 2025 ஜூலையில் அதை இரண்டு மடங்கு ஆக்கினார்கள். வேறு வழி இல்லாத ஏழைதான் அப்போது அதிகம் கொடுப்பார்.

ஆகவே, அந்த நிச்சயத்தைப் பஸ்சும் ஆட்டோவும் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் பஸ் வரும் நேரத்தைப் பெரிய எழுத்தில் எழுதி வைக்கலாம். 2025 ஜூனில் புதிய மினி பஸ் திட்டம் தொடங்கியது. அந்தப் பஸ்கள் ஆஸ்பத்திரி வாசல் வரை போகட்டும். ரெயில் நிலைய ஆட்டோ ஸ்டாண்டில், எந்த இடத்துக்கு எவ்வளவு என்று பலகை வைக்கட்டும். ஆட்டோக்காரருக்குக் கட்டுப்படியாகும் கட்டணமாகவும் அது இருக்கட்டும்.

நேரமும் கட்டணமும் முன்கூட்டியே தெரிந்தால், ஏழைத் தாய் வீண் செலவு செய்ய மாட்டாள். இலவச பஸ் அப்போதுதான் அவளுக்கு முழுதாகப் பயன்படும்.