எட்டுப் பேர் அணி

சாரணர் இயக்கத்தின் மிகச் சிறிய அலகு ‘அணி’. ஆறு முதல் எட்டுப் பிள்ளைகள் ஓர் அணி. அவர்களுள் ஒருவரே அணித் தலைவர். இரண்டு முதல் நான்கு அணிகள் சேர்ந்தால் ஒரு படை. தாராபுரத்துப் பள்ளி மைதானத்தில் ஸ்கார்ஃப் கட்டி நிற்கும் பிள்ளைகளில் தொடங்கி தில்லித் தலைமையகம் வரை எல்லாம் இந்த அணியின் மேல் எழுந்தவையே. மேலே உள்ள அமைப்புகள் நூறாண்டில் பலமுறை கலைந்து கூடியிருக்கின்றன. அணி என்னும் முறை மட்டும் தொடங்கிய நாளிலிருந்தே தொடர்கிறது.

1907 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிரவுன்சி தீவில் சுமார் 20 சிறுவர்களுக்குப் பாசறை நடத்திய ராணுவ அதிகாரி பேடன் பவல், அவர்களை நான்கு அணிகளாகப் பிரித்தார். வசதியான வீட்டுப் பிள்ளைகளும் உழைப்பாளி வீட்டுப் பிள்ளைகளும் அதில் கலந்தே இருந்தார்கள். படைக்கு முன்னே சென்று நிலவரம் அறிந்து வருபவனே ஆங்கிலத்தில் ஸ்கவுட். தமிழ் எடுத்துக்கொண்ட ‘சாரணர்’ என்னும் சொல்லோ சிலப்பதிகாரத்தில் ஊர் ஊராகச் செல்லும் சமண முனிவரைக் குறித்தது.

இந்தியாவில் முதல் படை 1909-இல் பெங்களூரில் கேப்டன் பேக்கரால் தொடங்கப்பட்டது. ஐரோப்பிய, ஆங்கிலோ இந்தியப் பிள்ளைகளுக்கு மட்டுமே அதில் இடம். இந்தியச் சிறுவர்களையும் சேர்க்கும் முயற்சியை மத்திய மாகாணத்தில் விவியன் போஸ் 1913-இல் தொடங்கினார். சென்னையில் அன்னி பெசன்ட், ஜார்ஜ் அருண்டேலின் துணையுடன் இந்தியச் சாரணர் சங்கத்தை நிறுவினார். அதன் சீருடையில் தலைப்பாகை இருந்தது. பாட்டு இந்திய மொழிகளில் இருந்தது.   அலகாபாத்தில் மதன் மோகன் மாளவியா, ஹிருதயநாத் குன்ஸ்ரூ, ஸ்ரீராம் பாஜ்பாய் ஆகியோர் சேவா சமிதி சாரணர் சங்கத்தை வளர்த்தனர்.

1921-இல் பேடன் பவல் இந்தியா வந்ததைத் தொடர்ந்து பெசன்டின் சங்கம் பேடன் பவலின் தாய் அமைப்பில் இணைந்தது. சேவா சமிதி இணையவில்லை. 1937-இல் தில்லியில் நடந்த சாரணர் பெருந்திரளணிக்கு வந்துபோன பேடன் பவல், இந்தியரின் குணம் பற்றிச் சொன்ன சொற்கள் மனக்கசப்பை வளர்த்தன. மறு ஆண்டே இந்துஸ்தான் சாரணர் சங்கம் தோன்றியது. விடுதலைக்குப் பின் நேருவும் கல்வி அமைச்சர் அபுல் கலாம் ஆசாத்தும் ஊக்கம் தர, 1950 நவம்பர் 7-இல் தாய் அமைப்பின் இந்தியக் கிளையும் இந்துஸ்தான் சங்கமும் ‘பாரத சாரண சாரணியர்’ என்ற ஒரே அமைப்பாயின. பெண்களுக்கான சங்கம் 1951 ஆகஸ்ட் 15-இல் சேர்ந்தது. நவம்பர் 7 இன்றும் அமைப்பின் கொடி நாள்.

அமைப்பின் தேசியப் புரவலர் குடியரசுத் தலைவர். மாநிலப் புரவலர் ஆளுநர். ரயில்வே மண்டலங்களுக்கும் கேந்திரிய வித்யாலயாவுக்கும் தனி மாநிலத் தகுதி உண்டு. தமிழ்நாட்டில் மாநிலத்துக்குக் கீழே கிளைகள் கல்வி மாவட்டத்தை ஒட்டி அமைகின்றன. ஆணையர் பொறுப்பு பெரும்பாலும் கல்வி அதிகாரிகளிடம் இருக்கும். ஆகவே வருவாய்த் துறையும் கல்வித் துறையும் எல்லைக் கோட்டை மாற்றும்போதெல்லாம் சாரணர் அமைப்பும் இடம் மாறும். தாராபுரம் 1979-இல் கோவையிலிருந்து பிரிந்து, பின்னர் ஈரோடு எனப் பெயர் மாறிய பெரியார் மாவட்டத்துக்குப் போனது. 2009-இல் திருப்பூர் மாவட்டத்துக்கு வந்தது.

வயதுக்கேற்ற முக்கியப் பிரிவுகள் மூன்று. 5 முதல் 10 வயது வரை ஆண்பிள்ளைகள் குருளையர், பெண்பிள்ளைகள் நீலப்பறவையர். 10 வயதுக்கு மேல் சாரணர், சாரணியர். அதற்கும் மேல் 25 வயது வரை திரிசாரணர், திரிசாரணியர். சாரணப் பிள்ளை முதலில் ‘பிரவேஷ்’ பெற்று உறுதிமொழி எடுக்கிறது. அடுத்து பிரதம, துவிதீய, திருதீய சோபான் என மூன்று படிகள். முடிச்சுப் போடுதல், முதலுதவி, திசை அறிதல், சமைத்தல், கூடாரம் அடித்தல் ஆகியவை படிக்குப் படி கடினமாகும். அவற்றின் மேல் ஆளுநர் விருதான ராஜ்ய புரஸ்கார். உச்சியில் குடியரசுத் தலைவர் விருது. இரண்டையும் தேர்வு முகாமில் செய்துகாட்டித்தான் பெற முடியும்.

அமைப்பின் வைரவிழாப் பெருந்திரளணி 2025 ஜனவரி 28 முதல் பிப்ரவரி 3 வரை மணப்பாறையில் நடந்தது. இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் கூடினர். அத்தனை பெரிய கூட்டமும் ஏதோ ஒரு பள்ளியில் ஓர் ஆசிரியர் சேர்த்த அணிகளிலிருந்து வந்ததுதான். அவர் அடிப்படைப் பயிற்சியும் அடுத்து முன்னிலைப் பயிற்சியும் முடித்தவர். அதற்கும் மேல் இமாலய வனக்கலைப் பயிற்சி இருக்கிறது. வகுப்பு வேலைக்கு மேல் இதையும் பார்ப்பவர் அவர். இடமாறுதலில் அவர் போய்விட்டால், அடுத்த ஆசிரியர் பயிற்சி முடித்து வரும்வரை அந்தப் பள்ளியின் ஸ்கார்ஃப்கள் பெட்டிக்குள் கிடக்கும்.