வெள்ளைப்படுதல் டெஸ்ட்... ‘நெகட்டிவ்’ என்று வந்தால் நிம்மதியாகிவிடலாமா?

கொல்லிமலை அடிவாரத்தில் இருக்கும் புளியஞ்சோலைக்கு, ஓடும் தண்ணீரில் குளிப்பதற்காகவே வருபவர்கள் உண்டு. ஆனால், அங்கேயே வசிக்கும் பெண்களுக்குப் பெரிய மருத்துவமனை என்றால் திருச்சிதான். துறையூர் வழியாக சுமார் 70 கிலோமீட்டர். இந்தத் தூரம் ஒரு லேப் ரிப்போர்ட்டையே மாற்றிவிடக்கூடும்.

‘ட்ரைக்கோமோனியாசிஸ்’ என்ற தொற்றை எடுத்துக்கொள்வோம். தாம்பத்திய உறவு மூலம் பரவும் இதற்குக் காரணம், கண்ணுக்குத் தெரியாத ஓர் ஒட்டுண்ணி. 2020-ல் மட்டும் உலகில் 15 முதல் 49 வயதுள்ளவர்களிடம் சுமார் 15.6 கோடி புதிய தொற்றுகள் ஏற்பட்டதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. மஞ்சள் அல்லது பச்சை கலந்த வெள்ளைப்படுதல், துர்நாற்றம், அரிப்பு, நீர்க்கடுப்பு ஆகியவை அறிகுறிகள். பலருக்கு அறிகுறியே இருக்காது. கர்ப்பிணிகளுக்கு இந்தத் தொற்று இருந்தால் குறைப்பிரசவ அபாயம் அதிகம். ஹெச்.ஐ.வி தொற்றிக்கொள்ளும் வாய்ப்பும் கூடும்.

இதைக் கண்டுபிடிக்க என்னென்ன டெஸ்ட்கள் இருக்கின்றன?

மைக்ரோஸ்கோப்: செலவு குறைவு, உடனே ரிசல்ட். கிருமி துடித்து நகர்வதை வைத்துத்தான் அடையாளம் காண்பார்கள். சாம்பிள் எடுத்த சில நிமிடங்களிலேயே பார்க்க வேண்டும். நேரம் போகப் போக அசைவு நின்றுவிடும். பிறகு வெள்ளை அணுவுக்கும் கிருமிக்கும் வித்தியாசம் தெரியாது. முறையாகச் செய்தாலும், தொற்றுள்ள 100 பெண்களில் 44 முதல் 68 பேரைத்தான் இது கண்டுபிடிக்கும்.

கல்ச்சர்: கிருமியை லேபில் வளர்த்துப் பார்ப்பது. ரிசல்ட்டுக்குப் பல நாள்கள் ஆகலாம். கிருமி உயிரோடு லேபுக்குப் போய்ச் சேர வேண்டும்.

ரேபிட் கிட்: கர்ப்பப் பரிசோதனை அட்டை போல கோடு காட்டும். 10 முதல் 15 நிமிடங்கள் போதும். 100-க்கு 82 முதல் 95 பேர் வரை கண்டறியும்.

பி.சி.ஆர் வகை டெஸ்ட்: கோவிட் காலத்தில் கேள்விப்பட்டதேதான். கிருமியின் மரபணுவைத் தேடுவதால், அது செத்திருந்தாலும் பிடித்துவிடும். 100-க்கு 95 பேருக்கு மேல் கண்டறியும். சாம்பிளைப் பெண்களே எடுத்துக் கொடுக்கலாம் என்பதால் கூச்சமும் குறையும். காசநோய்க்குப் பயன்படும் ஜீன்எக்ஸ்பர்ட் கருவியில் போடுவதற்கே இதற்கான கார்ட்ரிட்ஜும் இருக்கிறது. ஆனால், செலவு அதிகம்.

அதாவது, உள்ளூரில் சாம்பிள் கொடுத்து, அது பஸ்ஸில் நகரத்து லேபுக்குப் போய் மைக்ரோஸ்கோப்பில் பார்க்கப்பட்டால், அந்த ‘நெகட்டிவ்’வை அப்படியே நம்ப முடியாது. பி.சி.ஆருக்கு இந்தச் சிக்கல் இல்லை.

லேப் வசதி இல்லாத இடங்களில், அரசு மருத்துவமனைகளின் பால்வினை நோய்ப் பிரிவில் அறிகுறியை வைத்தே பச்சை நிற மருந்து பாக்கெட்டை இலவசமாகத் தருகிறார்கள். அறிகுறி இருப்பவர்களுக்கு இது கைகொடுக்கும். இல்லாதவர்கள் விடுபட்டுப்போவார்கள்.

எனவே, ரிப்போர்ட் வாங்கும்போது ‘எந்த டெஸ்ட், சாம்பிள் எடுத்து எவ்வளவு நேரத்தில் பார்த்தார்கள்?’ என்று கேளுங்கள். தொந்தரவு தொடர்ந்தால் டாக்டரிடம் மறுபடியும் போங்கள்.

‘பாசிட்டிவ்’ வந்தால் வீட்டில் சண்டை வேண்டாம். இந்தக் கிருமி அறிகுறியே இல்லாமல் மாதக்கணக்கில் உடம்பில் இருக்கக்கூடும். யாரிடமிருந்து, எப்போது வந்தது என்பதை எந்த டெஸ்ட்டும் சொல்லாது. மாத்திரையில் குணமாகும் நோய் இது. கணவரும் சேர்ந்து சிகிச்சை எடுக்காவிட்டால் மறுபடியும் தொற்றும். மூன்று மாதம் கழித்து இன்னொரு முறை டெஸ்ட் எடுப்பது நல்லது. நேரில் கேட்கத் தயக்கமாக இருந்தால், 1097 என்ற இலவச எண்ணில் பேசலாம்.