வயிறு இறுகினால்...

போன மாதம் நான் இரவு வேலைக்கு வெளிக்கிட, ஏழு மாதப் பிள்ளைத்தாச்சியான மனைவி "வயிறு கல்லுப்போல இறுகுது" என்றாள். பயந்துபோய் மருத்துவிச்சிக்கு ரெலிபோன் எடுத்தோம். அவர் விளங்கப்படுத்தினார்.

கருப்பைத் தசையை மாதக்கணக்காக அடக்கி வைத்திருப்பது புரொஜெஸ்ரரோன் என்ற ஓமோன். (1934இல் அதைப் பிரித்தெடுத்தவர்களில் ஒருவர் யேர்மனியரான புட்டனான்ட்.) நாள் நெருங்க அதன் பிடி தளரும். மூளையிலிருந்து வரும் ஒக்சிரோசினும் கருப்பையில் ஊறும் புரொஸ்ராகிளாண்டினும் தசையைச் சுருக்கும். பிள்ளையின் தலை கருப்பைக் கழுத்தை அழுத்த அழுத்த ஒக்சிரோசின் கூடும். பிரசவ அறையில் நோ வர ஏற்றுவதும் இதுதான்.

எங்களுக்கு வந்தது பொய்நோ, படுத்ததும் விட்டுவிட்டது. ஆனால் 37 கிழமைக்கு முன் விட்டுவிட்டு ஒழுங்காக இறுகினாலோ, நீர், இரத்தம் கண்டாலோ விடியட்டும் என்று இருக்காதீர்கள். முட்டர்பாஸை எடுத்துக்கொண்டு வெளிக்கிடுங்கள். பாஷை வராவிட்டால் "வேயன்" என்று சொல்லுங்கள். பிரசவநோவுக்கு இங்கே அதுதான் சொல்.